இளையோர் ஆளும் உலகம்: ஒரு படமும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை. மலருக்காக எழுதித் தரும்போது பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)



"என்ன தலைப்பில் பேசப் போறீங்க?" என்று செயலாளர் இரண்டு முறை போன் செய்தார். "சினிமா" என்றேன். கொஞ்சம் தயங்கினார். "நல்ல கருத்துள்ள சினிமாவா இருக்கட்டுமே" என்றார். கருத்து இருக்கிறது, ஐயா. அதோடு நான் இந்தக் கல்லூரிக்குத் தர வேண்டிய ஒரு கடனும் அதில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் முகையூர்க்காரன். எனக்குத் தெரிந்த முதல் விண்வெளி எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகையில் இருந்தது. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து, முன்னால் இருப்பவன் தலை மறைக்காமல் பார்க்க வேண்டும். அங்கேதான் 'கலை அரசி' பார்த்தேன். 1963-ல் வந்த படம். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. ஏ. காசிலிங்கம் இயக்கியது. வேற்றுக் கிரகத்தில் கலை இல்லையாம். அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடிப் பூமிக்கு வருகிறார்கள். தமிழ்ப் படத்தில் பறக்கும் வண்டி! வீட்டுக்கு நடந்து போகும்போது வானத்தையே பார்த்துக்கொண்டு போய் வாய்க்காலில் கால் வைத்தது நினைவிருக்கிறது. அன்றைக்கு எனக்கு விஞ்ஞானக் கதை என்றால் ராக்கெட், அவ்வளவுதான்.

ராக்கெட்டே இல்லாமல் ஒரு விஞ்ஞானக் கதைப் படம் எடுக்க முடியும் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. சென்னையில் வேலை பார்க்கும்போது ஒரு நண்பர் வீடியோ கேசட் ஒன்று கொடுத்தார். "அமெரிக்கப் படம். பைத்தியக்காரத்தனமா இருக்கும், பாரு" என்றார். படத்தின் பெயர் 'வைல்ட் இன் த ஸ்ட்ரீட்ஸ்'. 1968-ல் வெளியானது. பாரி ஷியர் இயக்கம். ராபர்ட் தாம் தன் சிறுகதை ஒன்றைத் தானே திரைக்கதையாக எழுதியிருந்தார். பறக்கும் தட்டு, ரோபோ எதுவும் கிடையாது. அந்த உலகத்தில் மாற்றியது ஒரே ஒரு எண்ணைத்தான். ஓட்டுப் போடும் வயது!

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாக்ஸ் ஃப்ராஸ்ட் என்று ஒரு பையன். வீட்டை விட்டு ஓடிப்போய், பாட்டுக்காரனாகிக் கோடீஸ்வரன் ஆகிறான். கிறிஸ்டோபர் ஜோன்ஸ் என்பவர் நடித்தார். அவன் குழுவில் பதினைந்து வயதில் ஒரு வக்கீல்! டிரம்ஸ் வாசிப்பவர் ரிச்சர்ட் பிரையர். பிற்காலத்தில் அமெரிக்காவின் பெரிய நகைச்சுவை நடிகரானவர். ஜானி ஃபெர்கஸ் என்ற அரசியல்வாதி செனட் தேர்தலில் நிற்கிறார். "ஓட்டுரிமையைப் பதினெட்டு வயதுக்குக் குறைப்பேன்" என்று வாக்குறுதி கொடுத்து, கூட்டம் சேர்க்க மாக்ஸைப் பாட அழைக்கிறார். மேடையேறிய பையன், "பதினெட்டு என்ன கணக்கு? பதினாலு ஆக்கு" என்று பாடிவிடுகிறான். பேரம் நடந்து பதினைந்தில் முடிகிறது. சினிமாக்காரனை மேடைக்குக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் கதை மலையிலிருந்து உருளும் பாறை மாதிரி போகிறது. பதவிக்கு நிற்கும் வயதையும் பதினாலாகக் குறைக்க வேண்டும். அதற்கு நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டுமே? தலைநகரின் குடிநீரில் போதை மருந்தைக் கலந்து, உறுப்பினர்கள் மயக்கத்தில் இருக்கும்போதே சட்டத்தை நிறைவேற்றிவிடுகிறார்கள். மாக்ஸ் ஜனாதிபதி ஆகிறான். வயது இருபத்து நாலு.

படத்தை எடுத்தவர்கள் அவனை வெறும் கோமாளியாகக் காட்டவில்லை. உலகமெங்கும் இருந்த படைகளைத் திரும்ப அழைக்கிறான். மிச்சமான தானியத்தை ஏழை நாடுகளுக்கு இலவசமாக அனுப்புகிறான். அந்த வருஷங்களில் நாம் பி.எல். 480 திட்டத்தின் அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தவர்கள். அப்போது இந்தப் படம் நம் ஊருக்கு வந்திருந்தால் இந்தக் காட்சிக்கு விசில் பறந்திருக்கும்.

ஆனால் அதே கையால் இன்னொரு கையெழுத்தும் போடுகிறான். முப்பது வயதில் கட்டாய ஓய்வு. முப்பத்தைந்து தாண்டியவர்களுக்கு முகாம். அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரி அங்கி, தினமும் போதை மருந்து, சிரித்துக்கொண்டே சுற்றி வர வேண்டும். பெற்ற தாய்க்கும் விலக்கு இல்லை. தாயாக நடித்தவர் ஷெல்லி விண்டர்ஸ். அதற்கு முன்பே இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். சிரித்துக்கொண்டு பார்த்துக் கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு நின்றது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நம் அரசியல் சட்டப்படி மக்களவைக்கு நிற்க 25 வயது, மாநிலங்களவைக்கு 30, குடியரசுத் தலைவர் ஆக 35 வயது நிறைந்திருக்க வேண்டும். அமெரிக்காவிலும் ஜனாதிபதிக்கு 35-தான். அந்தப் படத்தில் எந்த வயதில் முகாமுக்கு அனுப்புகிறார்களோ, அந்த வயதில்தான் நிஜத்தில் "நீ இப்பதான் தகுதிக்கு வந்திருக்கே" என்று சட்டம் சொல்கிறது. இந்த அரங்கில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாம் அத்தனை பேரும் அந்தப் படத்தில் முகாம்வாசிகள். நின்றுகொண்டிருக்கும் தம்பிகள்தான் அரசாங்கம். (சிரிப்பு)

இது கேலிப்படம்தான். ஆனால் கேலி எங்கே முடிகிறது, நிஜம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அப்போது அங்கேயே பலருக்குத் தெரியவில்லை. படம் வந்த அதே 1968 ஆகஸ்டில் சிகாகோவில் ஒரு கட்சி மாநாடு நடந்தது. போராட வந்த இளைஞர்களில் சிலர், "தண்ணியில போதை மருந்து கலந்துடுவோம்" என்று விளையாட்டாக மிரட்ட, நகரின் குடிநீருக்குக் காவல் போட்டார்கள். மூன்று வருஷத்தில், 1971 ஜூலையில், அமெரிக்காவில் ஓட்டு வயது 21-லிருந்து 18 ஆகிவிட்டது. "பதினெட்டு வயசுல வியட்நாமுக்குச் சண்டை போட அனுப்புறீங்க, ஓட்டு மட்டும் இருபத்தொண்ணா?" என்று பையன்கள் கேட்ட கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அது நியாயமான கேள்வி. படத்தில் அரசியல்வாதி பேரம் பேசிய அதே பதினெட்டு சட்டமாகியும் வானம் இடிந்து விழவில்லை. 1988-ல் பிரேசில் தன் புதிய அரசியல் சட்டத்தில் பதினாறு வயதுக்காரர்களுக்கே ஓட்டுரிமை கொடுத்தது. 2007-ல் ஆஸ்திரியாவும் கொடுத்தது. அங்கேயும் தாத்தா பாட்டிகளை யாரும் முகாமில் அடைக்கவில்லை.

அப்படியானால் படம் எதைப் பார்த்துப் பயப்படச் சொல்கிறது? அதற்குப் பதில் கடைசிக் காட்சியில் இருக்கிறது. அதற்கு முன்னால் நம் ஊருக்கு வந்துவிட்டுப் போகலாம்.

அதே 1968-ல் சென்னை மேடையில் சோ ஒரு நாடகம் போட்டார். 'முகமது பின் துக்ளக்'. 1971-ல் அது படமாகவும் வந்தது. இந்த மேடையில் பாதிப் பேர் அதை வசனத்தோடு சொல்வார்கள். கல்லறையிலிருந்து எழுந்து வந்த துக்ளக் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பிரதமர் ஆகிறார். கட்சி மாறி வருபவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி தருகிறார். பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குகிறார். உண்மையில் அவர்கள் நாட்டுக்குப் பாடம் புகட்ட வேஷம் போட்ட சாதாரண ஆசாமிகள். வேஷத்தைக் கலைக்க வேண்டிய நாள் வருகிறது. நாற்காலியில் உட்கார்ந்தவர் கலைக்க மாட்டேன் என்கிறார். பதவி ருசி!

அங்கே அமெரிக்காவில் ஒருவர், இங்கே மயிலாப்பூரில் பேர் பெற்ற ஒருவர். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஒரே வருஷத்தில் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறார்கள். நாற்காலியைக் கேலி செய்யப் போனவனையே நாற்காலி பிடித்துக்கொள்கிறது. ஒருவர் வயதை வைத்துச் சொன்னார், இன்னொருவர் சரித்திரத்தை வைத்துச் சொன்னார்.

மாணவர் சக்தி என்பது நம் தென்னாற்காட்டுக்காரர்களுக்கு சினிமாக் கதையும் இல்லை. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டபோது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் பலியானார். ஜனவரி 27. அவர் சிலை அங்கே நிற்கிறது. அடுத்த தேர்தல் 1967-ல். விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் பெருந்தலைவர் காமராசர் 1,285 வாக்குகளில் தோற்றார். ஆட்சி மாறியது. ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். அன்று ஓட்டு வயது 21. தெருவில் நின்ற கல்லூரிப் பையன்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது! அப்பா அம்மாவிடம், மாமாவிடம், எதிர்வீட்டுப் பெரியவரிடம் பேசிப் பேசித்தான் சாதித்தார்கள். முப்பத்தைந்து தாண்டியவர்களை முகாமுக்கு அனுப்பிவிட்டு அதைச் செய்திருக்க முடியாது.

எங்கள் கதைக்கு வருகிறேன்.

நான் இங்கே சேர்ந்தது 1987-ல். அந்த டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தார். ஆட்சி கலைந்து, ஒரு வருஷம் கழித்து 1989 ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அப்போதெல்லாம் முகையூர் ஒரு தனிச் சட்டமன்றத் தொகுதி. 2006 தேர்தல்வரை இருந்தது. பிறகு மறுவரையறையில் பெயரே போய்விட்டது. எங்கள் செட்டில் எல்லாக் கட்சிக்காரனும் இருந்தான். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், போஸ்டர் ஒட்டினோம், தொண்டை கட்டக் கோஷம் போட்டோம். தேர்தல் அன்று பூத்துக்கு வெளியே நின்று பெரியவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். எங்களுக்கு ஓட்டு இல்லை. ஒரு கிழவி என்னைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் சீட்டு எழுதறியே, உன் சீட்டு எங்கடா கண்ணு?" என்று கேட்டது. அசட்டுச் சிரிப்பு சிரித்தேன்.

அரசியல் சட்டத்தின் 61-ஆவது திருத்தம் 1988 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1989 மார்ச் 28-ல் நடைமுறைக்கு வந்தது. ஓட்டு வயது 18. அந்த நவம்பரில் மக்களவைத் தேர்தல். இந்த நாட்டில் பதினெட்டு வயதுக்காரர்கள் ஓட்டுப் போட்ட முதல் மக்களவைத் தேர்தல் அது. அதில் ஓட்டுப் போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதில் இன்றைக்கும் ஒரு சின்னப் பெருமை உண்டு. வாக்காளர் அடையாள அட்டை இல்லாத காலம். பேரைச் சொன்னேன், விரலில் மை வைத்தார்கள், சீட்டை வாங்கி முத்திரை குத்தி மடித்துப் பெட்டியில் போட்டேன். அன்று முழுக்க அந்த விரலைச் சாப்பிடும்போதுகூட நீட்டியே வைத்திருந்தேன்.

விரலில் மை வைத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தால் இங்கே எங்களுக்கு மரியாதை இல்லை. கலைவிழாவில் என்ன நாடகம், யார் நடிப்பது, சிறப்பு விருந்தினர் யார், எல்லாமே எங்களைக் கேட்காமல் முடிவாகும். "நாட்டை ஆள ஓட்டுப் போடலாம், நாடகம் போட மட்டும் வயசு பத்தாதா?" இது அன்றைக்கு நான் பேசிய வசனம். கைதட்டல் பயங்கரம். மனுக் கொடுத்தோம். அலுவலகத்து வாசலில் உட்கார்ந்தோம். ஒருநாள் வகுப்புக்குப் போகவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். கலைவிழாவை மாணவர் குழுவே நடத்தலாம். பட்டாசு வெடித்தோம்.

முதல் கூட்டம் நூலகத்துக்குப் பின்னால் புங்கமரத்தடியில். பேசுவதற்கு எடுத்துக்கொண்ட முதல் விஷயம் என்ன தெரியுமா? யார் யாருக்கு ஓட்டு என்பது. ஐந்தே நிமிஷத்தில் முடிவு. மூன்றாம் ஆண்டுக்கு மட்டும் ஓட்டு. இரண்டாம் ஆண்டு யோசனை சொல்லலாம். முதலாம் ஆண்டு நாற்காலி போட வேண்டும், தண்ணீர்ப் பானை நிரப்ப வேண்டும். "பசங்களுக்கு என்னப்பா தெரியும்?" என்று ஒருத்தன் சொன்னான். அவன் யாரோ இல்லை. நான்தான்.

ஒரு நாள் மத்தியானம் முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் வந்தான். திண்டிவனம் பக்கத்து ஊர். ஒல்லியாக, ஹவாய் செருப்போடு இருப்பான். கையில் நாற்பது பக்க நோட்டு.

"அண்ணா, ஒரு நாடகம் எழுதியிருக்கேன். படிச்சுப் பாக்குறீங்களா?"

"என்னடா நாடகம்? சரித்திரமா, சமூகமா?"

"ரெண்டும் இல்லண்ணா. 2020-ல நடக்குது."

நாங்கள் சிரித்த சிரிப்பில் மரத்தில் இருந்த காக்கையே பறந்துவிட்டது. இருந்தாலும் பொழுது போகட்டும் என்று படிக்கச் சொன்னோம். நின்றுகொண்டே படித்தான். உட்காரச் சொல்லவில்லை. கதை இதுதான். 2020-ல் கல்லூரியைப் பதினேழு வயதுக்காரர்கள் நடத்துகிறார்கள். முதல்வருக்கு மீசையே முளைக்கவில்லை. இருபத்தைந்து தாண்டியவர்கள் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் படிக்க வேண்டும். லேட்டாக வந்தால் வெளியே நிற்க வேண்டும். ஒரு பேராசிரியர் அரியர் எழுதி எழுதித் தலை நரைத்துப் போகிறார். வீட்டுப்பாடம் எழுதாத தாசில்தார் ஒருவர், "வயித்து வலி சார்" என்று பையனிடம் கெஞ்சுகிறார். நடுவில் நாங்களும் சிரித்துவிட்டோம். நல்ல நகைச்சுவை. ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசிக் காட்சியைப் படித்தான். எல்லாம் ஆடி ஓய்ந்து, பதினேழு வயது முதல்வர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது வெளியே கோஷம் கேட்கிறது. ஜன்னலைத் திறந்து பார்க்கிறார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊர்வலமாக வருகிறார்கள். "பத்து வயசுக்கு மேல பதவி எதுக்கு?" திரை.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒரு நொடி அமைதி. அப்புறம் நான், "முடிவு சரியில்லப்பா. குழப்பமா இருக்கு. நோட்டை வச்சிட்டுப் போ, பாக்கலாம். ஆடிட்டோரியத்துல நாற்காலி குறையுதாம், போய் எடுத்துப் போடு" என்றேன். "சரிண்ணா" என்று போய்விட்டான். நாற்காலியும் எடுத்துப் போட்டான்.

அந்த நாடகம் நடக்கவில்லை. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நாங்கள் போட்டது ஒரு சினிமாவைப் பார்த்து அடித்த காப்பி. அந்த நோட்டின் பின்பக்கங்களில் கலைவிழா டீக்கணக்கு எழுதினேன். பிறகு நோட்டு எங்கே போனது என்று தெரியாது.

இப்போது அந்த அமெரிக்கப் படத்தின் கடைசிக் காட்சியைச் சொல்கிறேன். ஜனாதிபதி மாக்ஸ் வழியில் சில சிறுவர்களைப் பார்க்கிறான். அவர்கள் ஒரு நன்னீர் இறாலைச் செல்லமாக வளர்க்கிறார்கள். அவன் அதை மிதித்துக் கொன்றுவிட்டு, "நீங்க பொடியனுங்க, உங்களால என்னைய என்ன பண்ண முடியும்?" என்கிற மாதிரி ஏளனம் செய்துவிட்டுப் போகிறான். அவன் போன திசையைப் பார்த்து ஒரு சிறுவன் முடிவு கட்டுகிறான். பத்து வயதைத் தாண்டிய அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்! படம் அதோடு முடிகிறது.

சென்னையில் அந்த வாடகை அறையில், டி.வி.யில் புள்ளி புள்ளியாக ஓடிக்கொண்டிருந்த அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. ஆங்கிலப் படம் எதையும் பார்க்க வழியில்லாத ஒரு திண்டிவனத்துப் பையன், நாற்பது பக்க நோட்டில், அதே இடத்துக்குத் தானாக வந்து சேர்ந்திருக்கிறான். அமெரிக்காவில் அந்தப் படத்தின் எடிட்டிங்கை ஆஸ்கருக்குப் பரிந்துரைத்தார்கள். இங்கே நம் பையனை நாற்காலி எடுத்துப் போடச் சொன்னோம். படம் ஓடி முடிந்த பிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது என்னுடைய குரல்தான். "முடிவு சரியில்லப்பா." முடிவு சரியாகத்தான் இருந்தது. எங்களைப் பற்றி இருந்ததால் பிடிக்கவில்லை.

"முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களை நம்பாதே" என்று அறுபதுகளில் அமெரிக்க மாணவர்களிடையே ஒரு முழக்கம் இருந்தது. 1964-ல் அதைச் சொன்னவர் ஜாக் வெயின்பர்க். அப்போது அவருக்கு 24 வயது. 1970-ல் அவருக்கே முப்பது ஆகிவிட்டது. வயது மட்டும் யாருக்காகவும் நிற்பதில்லை. கோட்டைத் தாண்டி உள்ளே போனவன் முதலில் செய்வது, தன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு கோடு போடுவது. பெரியவர்கள் எங்களுக்குப் போட்ட கோட்டை அழிக்க நாங்கள் எவ்வளவு கத்தினோம்! அந்தக் கத்தல் அடங்குவதற்குள் முதலாம் ஆண்டுக்குக் கோடு போட்டுவிட்டோம். இளைஞர்கள் ஆண்டாலும் முதியவர்கள் ஆண்டாலும் இந்த வியாதி ஒன்றுதான். ஆகவே தம்பிகளே, "இளைஞர் கையில் நாடு" என்று யாராவது மேடையில் பேசினால் கைதட்டுங்கள். கூடவே, "பத்தாம் வகுப்புப் பையனை என்ன பண்ணுவீங்க, பாட்டியை என்ன பண்ணுவீங்க?" என்றும் கேளுங்கள். ஆளத் தெரிந்தவனா இல்லையா என்பது அந்த இரண்டு பதிலில் தெரிந்துவிடும்.

2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் பிள்ளைகள் கூடினார்கள். டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் ஆரம்பித்த கூட்டத்தில் கைக்குழந்தையோடு தாய்மார்களும், கைத்தடியோடு பெரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். ராத்திரியில் செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தபோது எது யார் கை என்று தெரியவில்லை. 1965-க்கும் அதற்கும் அரை நூற்றாண்டு இடைவெளி. இரண்டிலும் பிள்ளைகள் பெரியவர்களை வெளியே தள்ளவில்லை, சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது கடனுக்கு வருகிறேன்.

அந்தத் தம்பி நம் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. பழைய பட்டியலைத் தேடினேன். கூடப் படித்தவர்கள் சிலரிடம் விசாரித்தேன். கிடைக்கவில்லை. இந்த மலர் ஏதாவது ஒரு கடைக்கோடியில் அவர் கைக்குப் போய்ச் சேரலாம். சேர்ந்தால், தம்பி, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன் நாடகம் நன்றாக இருந்தது. அன்றைக்கே எனக்குத் தெரியும்.

சங்கத்தின் பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன். இந்தச் சங்கம் முன்னாள் மாணவர்களுடையது என்று விதி சொல்கிறது. இருக்கட்டும். ஆனால் நாம் கூடிப் பேசுவதெல்லாம் யாரைப் பற்றி? இவர்களைப் பற்றி. இவர்களுக்கு எந்த உதவித்தொகை, எந்தக் கட்டடம், எந்தப் போட்டி என்று முடிவு செய்யும் கூட்டத்தில் இவர்கள் ஒருவர்கூட இல்லை. செயற்குழுவில் இன்றைய மாணவர் இருவருக்கு இடம் வேண்டும். பார்வையாளராக இல்லை, ஓட்டோடு. அந்த இருவரில் ஒருவர் கட்டாயம் முதலாம் ஆண்டாக இருக்க வேண்டும். அடுத்த ஒன்றுகூடலில் ஒரு நாடகம் இவர்களே எழுதிப் போட வேண்டும். எங்கள் வயதுக்காரர்கள் யாரும் அதைத் திருத்தக் கூடாது. அந்த நாடகத்தில் எங்களைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தாலும் நிற்கிறோம். முட்டிவலி உள்ளவர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. காலையிலிருந்து பார்க்கிறேன். தொண்டர் பேட்ஜ் குத்திக்கொண்டு தண்ணீர் பாட்டில் கொடுத்தது இவர்கள். நாற்காலி போட்டது இவர்கள். இரண்டு மணி நேரமாக நின்றுகொண்டிருப்பதும் இவர்கள்தான். என் வரிசையில் நாலு நாற்காலி காலியாக இருக்கிறது. என்னுடையதும் இப்போது காலிதான். வாங்க தம்பி, வாம்மா, வந்து உட்காருங்க. மீதி நிகழ்ச்சியை நான் நின்றுகொண்டு பார்க்கிறேன். முப்பத்தைந்து வருஷ பாக்கியில் ஒரு மணி நேரமாவது கழியட்டும்.